டிராயரை முதலில் வெளியே இழுங்கள்: 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து மரச்சாமானைக் கண்டறிவது எப்படி

கேள்வி சுருக்கமாக இதுதான்: இங்கிலாந்தில் ஓர் ஏலப் பட்டியலில் "மூன்றாம் ஜார்ஜ் காலத்து மகோகனி டிராயர் அலமாரி, சுமார் 1770" என்றும், "சிப்பன்டேல் நாற்காலிகள் ஆறு" என்றும் போட்டிருக்கிறார்கள். இவை உண்மையில் அந்தக் காலத்தவையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அந்தப் பெயர்களை எவ்வளவு தூரம் நம்பலாம்?

முகப்பை மட்டும் பார்த்துக் காலத்தைச் சொல்லவே முடியாது. 1760இல் வந்த வடிவத்தை 1900இலும் அச்சு அசலாகச் செய்திருக்கிறார்கள், அதுவும் நல்ல மகோகனியில், கைதேர்ந்த தச்சர்களைக் கொண்டு. 1880 முதல் 1930 வரை இத்தகைய மறுஉருவாக்கங்கள் ஏராளமாக வெளிவந்தன. வாங்குபவர் பார்ப்பதற்காகச் செய்த பக்கத்தை யாரும் நகலெடுக்கலாம். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று விட்ட பக்கத்தை அப்படிச் சுலபத்தில் நகலெடுக்க முடியாது. டிராயரின் அடிப்பலகை, அலமாரியின் முதுகு, இருக்கைச் சட்டத்தின் உட்புறம் ஆகியவையே பார்க்க வேண்டிய இடங்கள்.

பட்டியலின் சொற்களையும் ஊன்றிப் படியுங்கள். "மூன்றாம் ஜார்ஜ்" என்று மட்டும் இருந்தால், அந்த அரசர் காலத்தில் (1760–1820) செய்தது என்று ஏல நிறுவனம் கருதுகிறது. "மூன்றாம் ஜார்ஜ் ஸ்டைல்" என்று இருந்தால் பின்னாளில் அந்தப் பாணியில் செய்தது. விலை பல மடங்கு மாறும் இடம் அது.

முதலில் பெயர்களை முடித்துவிடலாம். தாமஸ் சிப்பன்டேல் 1718இல் யார்க்ஷயரின் ஓட்லி ஊரில் பிறந்தவர். லண்டனில் செயின்ட் மார்ட்டின்ஸ் லேனில் பட்டறை வைத்திருந்தார். 1754இல் 'தி ஜென்டில்மேன் அண்ட் கேபினெட் மேக்கர்ஸ் டைரக்டர்' என்ற வடிவமைப்புத் தொகுப்பை வெளியிட்டார். 1755இல் இரண்டாம் பதிப்பும் 1762இல் விரிவாக்கிய மூன்றாம் பதிப்பும் வந்தன. அந்தப் படங்களைப் பார்த்து இங்கிலாந்து, அயர்லாந்து, அமெரிக்கத் தச்சர்கள் எல்லாரும் வேலை செய்தார்கள். ஆகவே பட்டியலில் வரும் "சிப்பன்டேல் நாற்காலி" என்பது வடிவத்தைச் சொல்கிறது, செய்தவரைச் சொல்லவில்லை. அவர் பட்டறையிலிருந்துதான் வந்தது என்று நிரூபிக்கக் காகிதம் வேண்டும். நோஸ்டல் ப்ரையரி மாளிகையின் நூலக மேசைக்கு 1767இல் 72 பவுண்டு 10 ஷில்லிங், ஹேர்வுட் மாளிகையின் டயானா–மினர்வா கொமோடுக்கு (கொமோடு என்பது இங்கே அலங்கார அலமாரி) 1773இல் 86 பவுண்டு என்று ரசீதுகள் இருப்பதால்தான் அவற்றை உறுதியாக அவருடையவை என்கிறோம்.

ஜார்ஜ் ஹெப்பிள்வைட் 1786இல் இறந்தார். அவர் தொகுப்பை 1788இல் மனைவி ஆலிஸ் வெளியிட்டார். அவர் கையால் செய்தது என்று ஆவணத்தோடு காட்டக்கூடிய ஒரு சாமான்கூடக் கிடையாது. தாமஸ் ஷெரட்டன் நிலையும் கிட்டத்தட்ட அதேதான். 1790களில் வந்த அவர் வடிவமைப்பு நூல் புகழ்பெற்றது, ஆனால் லண்டனில் அவருக்குச் சொந்தப் பட்டறை இருந்ததற்கு ஆதாரம் இல்லை.

பாரிஸில் சங்கத்துத் தச்சர்கள் தங்கள் பெயர் முத்திரையை மரத்தில் அடிக்க வேண்டும் என்ற விதி இருந்தது. இங்கிலாந்தில் அப்படி எதுவும் இல்லை. கிளார்க்கன்வெல்லில் இருந்த ஜைல்ஸ் கிரெண்டி போன்ற சிலர் காகிதச் சீட்டு ஒட்டினார்கள். லங்காஸ்டரின் கில்லோ நிறுவனம் நூற்றாண்டின் கடைசியில் டிராயரின் மேல்விளிம்பில் தன் பெயரை அடிக்கத் தொடங்கியது. மற்றபடி பெரும்பாலான சாமான்கள் பெயரில்லாதவை. அதனால் தரம் குறைந்துவிடாது. பெயர் தெரியாத ஒரு லண்டன் தச்சரின் டிராயரில் இருக்கும் நேர்த்தி, பெயர் சொல்லி விற்கும் பல சாமான்களில் இருக்காது.

இனி மரம். நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜாவாக இருந்தது வால்நட். 1709இன் கடுங்குளிரில் ஐரோப்பாவின் வால்நட் மரங்கள் பெருமளவில் பட்டுப்போயின. 1720இல் பிரான்ஸ் வால்நட் ஏற்றுமதியைத் தடை செய்தது. 1721ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டிஷ் அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரும் மரத்துக்கு இறக்குமதி வரியை நீக்கியது. இந்த வாசல் வழியாகத்தான் ஜமைக்கா மகோகனி உள்ளே வந்தது. பிறகு கியூபா மரமும், கனம் குறைந்த ஹோண்டுராஸ் மரமும் வந்தன. தச்சர்கள் அதை விரும்பியதற்குக் காரணங்கள் உண்டு. பெரிய மேசையின் மேற்பலகையைக்கூட ஒட்டுப்போடாமல் ஒரே பலகையில் எடுக்கலாம். ஓக்கைவிடச் சுருக்கம் குறைவு. புழு எளிதில் தொடாது. செதுக்கினால் விளிம்பு உதிராமல் கூர்மையாக நிற்கும். வால்நட்டில் சிரமப்பட்டுச் செய்ய வேண்டிய துளைவேலைப்பாட்டு நாற்காலி முதுகுப்பலகையை மகோகனியில் மெலிதாக அறுத்தே எடுக்க முடிந்தது. வளைவும் செதுக்கலும் மிகுந்த ரொக்கோகோ வடிவங்கள் பரவியதற்கு இந்த மரமும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

1760களுக்குப் பிறகு, கட்டடக்கலைஞர் ராபர்ட் ஆடம் பரப்பிய, பழைய கிரேக்க, ரோமானிய வடிவங்களைப் பின்பற்றும் நியோகிளாசிக்கல் பாணியோடு வெளிர்மஞ்சள் சாட்டின்வுட் வந்தது. முதலில் மேற்கிந்தியத் தீவுகளின் மரம். நூற்றாண்டின் கடைசியில் இலங்கை, தென்னிந்திய மரமும் சேர்ந்துகொண்டது. இலங்கையில் முதிரை என்றும் தமிழ்நாட்டில் பொரசு என்றும் சொல்கிறோமே, அதே மரம்தான்.

கண்ணுக்குத் தெரியும் மரம் இவை. கண்ணுக்குத் தெரியாத மரம் வேறு. நல்ல லண்டன் அலமாரியின் கூடு பெரும்பாலும் பால்டிக் பைன், டிராயரின் பக்கங்களும் அடியும் ஓக். விலையுயர்ந்த மகோகனியை உள்ளே வீணாக்க மாட்டார்கள். முகப்பில் வால்நட், உள்ளே டிராயர் முழுக்கப் புத்தம்புதிய வெளிர்நிறப் பலகை என்றால் எச்சரிக்கையாக இருங்கள்.

இப்போது டிராயரை முழுதாக வெளியே எடுத்துக் கவிழ்த்து வையுங்கள். முகப்புப்பலகை 20 முதல் 25 மில்லிமீட்டர் கனம் இருக்கும். பக்கங்கள் 8 முதல் 10 மில்லிமீட்டர்தான். மெல்லிய ஓக் பக்கம் லண்டன் வேலையின் அடையாளம். நாட்டுப்புறத் தச்சர்கள் தடியாகவே விட்டார்கள். மூலையில் பக்கமும் முகப்பும் டவ்டெயில் இணைப்பில் சேர்கின்றன: பக்கப்பலகையின் நுனியில் புறா வால் போல விரியும் வால்கள், அவற்றுக்கு நடுவே நுழையும் பற்கள் முகப்புப்பலகையில். முகப்பிலிருந்து பார்த்தால் இணைப்பு தெரியாது, பக்கத்திலிருந்து பார்த்தால் மட்டும் தெரியும். நூற்றாண்டின் முதல் பகுதியில் பற்கள் பெரியவை, எண்ணிக்கையில் குறைவு. போகப்போக எண்ணிக்கை கூடி, இரண்டு வால்களுக்கு நடுவே வரும் பல் மிக ஒடுங்கிவிடுகிறது. நல்ல லண்டன் வேலையில் அதன் நுனி ரம்ப வெட்டின் அகலத்துக்குச் சற்றே கூடுதலாக இருக்கும்.

பக்கப்பலகையில் வால்களின் அடியை ஒட்டி, ஊசியால் கீறியது போன்ற ஒரு கோடு ஓடும். எதுவரை வெட்ட வேண்டும் என்று தச்சர் கீறிக்கொண்டது அது. முகப்புப்பலகையின் உட்புற மூலையைப் பாருங்கள். ரம்பம் அந்த எல்லையைத் தாண்டிச் சாய்வாக உள்ளே ஓடிய வெட்டுத்தடங்கள் பல டிராயர்களில் கிடைக்கும். மூலையில் உளி வேலையைக் குறைக்க வேண்டுமென்றே அப்படி அறுத்தார்கள். உள்ளே இருப்பதால் அதை யாரும் குறையாக நினைக்கவில்லை. பற்களும் வால்களும் ஒரே அகலத்தில், ஒரே இடைவெளியில் துல்லியமாக இருந்தால் அது இயந்திர வேலை, அதாவது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி அல்லது அதற்கும் பிறகு.

அடிப்பலகையின் இழையோட்டம் இதைவிட நல்ல சாட்சி. ஏறத்தாழ 1730கள் வரை இழை முன்னிருந்து பின்னாக ஓடும். பிறகு அது இடமிருந்து வலமாகத் திரும்புகிறது. மரம் நீளவாக்கில் கிட்டத்தட்டச் சுருங்குவதே இல்லை, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். மூன்றடி அகல டிராயரில் இழை முன்பின்னாக ஓடினால் அந்த மூன்றடியும் சுருங்கும் திசையாகிவிடும். இரு பக்கமும் வஜ்ரத்தால் (தச்சர்களின் மிருகப்பசை) ஒட்டி ஆணியடித்திருப்பார்கள், பலகையால் நகர முடியாது, நடுவில் பிளந்துவிடும். இழையை இடவலமாகத் திருப்பினால் சுருங்கும் திசை ஒன்றரை அடி ஆழம்தான். அடிப்பலகையை முகப்பின் காடியில் (வெட்டிய பள்ளத்தில்) நுழைத்து, பின்பக்கம் மட்டும் ஆணியடித்தால், சுருங்கும்போது அது காடிக்குள் கொஞ்சம் நகர்ந்து தப்பித்துக்கொள்ளும். 1770கள் அளவில் அகல டிராயர்களில் நடுவே ஒரு சட்டம் வைத்து, அடிப்பலகையை இரு துண்டாக்கினார்கள். அதுவும் பிளவைத் தடுக்கத்தான்.

எனவே அடிப்பலகையில் ஒரு பிளவு, முகப்பை ஒட்டி ஒரு சிறு இடைவெளி இருந்தால் பயப்பட வேண்டாம். இரண்டரை நூற்றாண்டு வயதான மரத்தில் சுருக்கமே தெரியவில்லை என்றால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

தேய்மானத்தையும் சேர்த்துப் படியுங்கள். டிராயர் பக்கத்தின் கீழ்விளிம்பு காலப்போக்கில் தேய்ந்து, முன்பகுதியைவிடப் பின்பகுதி தாழ்ந்திருக்கும். அது ஓடிய தண்டவாளப் பலகையில் அதற்கு ஈடான பள்ளம் விழுந்திருக்கும். இரண்டும் பொருந்த வேண்டும். டிராயரில் ஆழமான தேய்மானம் இருந்து கூட்டில் பள்ளம் இல்லையென்றால், அந்த டிராயர் வேறு கூட்டிலிருந்து வந்தது, அல்லது தண்டவாளத்தை மாற்றியிருக்கிறார்கள். தண்டவாளத்தை மாற்றுவது நேர்மையான பழுதுபார்ப்பு. புதுப்பலகையின் நிறமே காட்டிக்கொடுக்கும். நிறத்தில் இன்னொன்று: கூட்டுக்கு அடிப்பலகை இல்லாத அலமாரியில் கடைசி டிராயரின் அடிப்புறம் மற்றவற்றைவிடக் கறுத்திருக்கும், ஏனென்றால் அது காற்றையும் தூசியையும் நேரடியாக வாங்கியிருக்கிறது. எல்லா டிராயரின் அடியும் ஒரே பழுப்பில் இருந்தால் யாரோ சாயம் பூசியிருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டுத் தச்சர் டிராயருக்குள் சாயம் பூச மாட்டார்.

முகப்பின் நான்கு விளிம்பிலும் 3 மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே துருத்தி நிற்கும் உருண்டை விளிம்புப்பட்டை இருக்கிறதா? 1730 வாக்கில் வந்து நூற்றாண்டு முழுக்க நீடித்தது அது. வெனீரின் (பலகையின் மேல் ஒட்டிய மெல்லிய மரத்தகட்டின்) ஓரம் பெயராமல் காப்பதே அதன் வேலை. மேல்பட்டை முகப்புப்பலகையின் முழுக் கனத்தையும் மூடும். பக்கப்பட்டைகள் டவ்டெயிலை வெட்டிவிடக் கூடாது என்பதால் ஒடுக்கமானவை. பக்கப்பட்டை டவ்டெயில் பற்களை அரிந்துகொண்டு போயிருந்தால் அது பிற்காலத்தில் சேர்த்தது.

கைப்பிடிகளை மாற்றாத அலமாரி அபூர்வம். அது பெரிய குற்றமும் இல்லை, ஆனால் துளைகள் கதை சொல்லும். முகப்பின் உட்புறத்தில் எத்தனை ஜோடித் துளைகள் என்று எண்ணுங்கள். உள்ளே மூன்று ஜோடி இருந்து, வெளியே வெனீரில் ஒரே ஜோடிதான், அடைத்த தடமும் இல்லை என்றால், அந்த வெனீர் பின்னாளில் ஒட்டியது. ஓக்கில் செய்த எளிய அலமாரிக்கு வால்நட் வெனீர் ஒட்டி விலையேற்றுவது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாதாரணமாக நடந்தது. அதைப் பிடிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. கைப்பிடியின் பாணியும் உதவும். நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாகப் பிளந்த கம்பியை உள்ளே மடக்கிப் பிடிக்க வைத்தார்கள், பிறகு மரையிட்ட தண்டும் நட்டும் வந்தன. கையால் அராவிய நட்டுகள் சரியான அறுகோணமாக இருக்காது. நூற்றாண்டின் நடுவுக்குப் பிறகு அன்னக்கழுத்துப் பிடிகள், 1780களிலிருந்து மெல்லிய பித்தளைத் தகட்டில் அச்சடித்த முட்டைவடிவத் தட்டுகள்.

திருகாணியை ஒன்றாவது கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். 18ஆம் நூற்றாண்டுத் திருகாணிக்குக் கூர்முனை கிடையாது, மொட்டையாக முடியும். தலையின் பிளவு நடுவிலிருந்து விலகியிருக்கும், மரை சீராக இராது. கூர்முனைத் திருகாணி 1840களுக்குப் பிறகுதான் பரவியது. ஒரு திருகாணி புதியது என்பதால் சாமானே புதியது என்று முடிவு கட்டக் கூடாது. ஆனால் எல்லா இடத்திலும் கூர்முனைத் திருகாணிதான், வேறு துளையே இல்லை என்றால் முடிவு தெளிவு.

அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தி முதுகில் டார்ச் ஒளியைப் பக்கவாட்டாக அடியுங்கள். குழிரம்பத்தால் இருவர் மேலும் கீழுமாக இழுத்து அறுத்த பலகையில் கோடுகள் நேராக, ஆனால் இடைவெளியும் சாய்வும் கொஞ்சம் கொஞ்சம் மாறி இருக்கும். வளைந்த கோடு தெரிந்தால் வட்டரம்பம், அது 19ஆம் நூற்றாண்டு. கூட்டின் உட்புறத்தில் விரலை இழை ஓட்டத்துக்குக் குறுக்கே ஓட்டினால், இழைப்புளி விட்டுச் சென்ற மெல்லிய அலைகள் தட்டுப்படும்.

வெனீர் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் வெனீர் என்றதும் மலிவு வேலை என்று நினைக்கிறார்கள். அந்தக் காலத்தில் அது உயர்ந்த வேலை. முடிச்சு வால்நட், தீச்சுடர் மகோகனி போன்றவற்றைக் கனமான பலகையாக வைத்தால் கோணிக்கொள்ளும், வெடிக்கும். வெனீராக மட்டுமே அவற்றின் அழகைப் பயன்படுத்த முடியும். அன்றைய வெனீரைக் கையால் அறுத்தார்கள். ஒட்டி இழைத்த பிறகும் 1.5 முதல் 3 மில்லிமீட்டர் வரை கனம் இருக்கும். டிராயர் விளிம்பிலோ உடைந்த மூலையிலோ பார்த்தால் தெரியும். காகிதம் போல ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த வெனீர் இயந்திரத்தில் சீவியது.

ஒட்டும் முறை இது. வெனீருக்கு அடியில் வரும் பலகையில் முடிச்சு இருந்தால் வெட்டி எடுத்து வேறு துண்டு அடைக்க வேண்டும், இல்லையென்றால் பலகை சுருங்கும்போது முடிச்சு சுருங்காமல் நின்று வெனீருக்கு மேல் மேடாகத் தெரியும். வெனீரைப் பலகையின் உள்வைரப் பக்கத்தில், அதாவது மரத்தின் நடுவை நோக்கியிருந்த பக்கத்தில், ஒட்டுவது வழக்கம். காயும்போது அந்தப் பக்கம் புடைக்கப் பார்க்கும், வெனீரோ தன் பக்கம் இழுக்கும், இரண்டும் ஒன்றையொன்று தணிக்கும். பல் வைத்த இழைப்புளியால் இரு முகத்தையும் சொரசொரப்பாக்கி, நீர்த்த வஜ்ரம் ஒரு பூச்சு கொடுத்துக் காயவிடுவார்கள். வஜ்ரத்தை இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்க வேண்டும். கொதிக்கவிட்டால் பிடிப்பு போய்விடும். தூரிகையிலிருந்து அறுபடாத இழையாக வழிந்தால் பதம்.

தட்டையான பரப்பென்றால் வெனீர் சுத்தி போதும். பெயர்தான் சுத்தி, அடிப்பதில்லை. அகன்ற மழுங்கிய விளிம்பால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி, மிகுதி வஜ்ரத்தையும் காற்றையும் வெளியே தள்ளுவார்கள். ஆறிவிட்டால் ஈரத்துணியும் சூடான இஸ்திரியும் கொண்டு மறுபடி இளக்குவார்கள். தடித்த அறுப்பு வெனீருக்கும் வளைந்த முகப்புக்கும் சுத்தி போதாது. அதே வடிவத்தில் ஒரு மரக்கட்டை செய்து, சூடாக்கி, இடையில் காகிதம் வைத்து இறுக்கிக் கட்ட வேண்டும். எங்காவது வஜ்ரம் போதாமல் போயிருந்தால் அங்கே கொப்புளம் எழும். நகத்தால் தட்டினால் பொள்ளலான ஓசை வரும். வஜ்ரம் ஈரத்துக்கும் சூட்டுக்கும் மறுபடி இளகும் என்பதால் இதைச் சரிசெய்ய முடிகிறது. பிளாஸ்டிக் பசை கொண்டு ஒட்டிவிட்டால் அடுத்தவரால் எதையும் செய்ய முடியாது.

சாட்டின்வுட் காலத்து மார்க்கெட்ரி வேலையில், அதாவது பலநிற மரத்துண்டுகளால் படம் அமைக்கும் வேலையில், இலை, சங்கு வடிவத் துண்டுகளின் ஓரத்தைச் சூடான மணலில் செருகிக் கருக்கி நிழல் கொடுத்தார்கள். சிக்கமோர் மரத்தை இரும்பு சல்பேட்டில் ஊறவைத்து வெள்ளிச்சாம்பல் நிறம் வரவழைத்தார்கள். இன்று அது பழுப்பாகவோ பச்சை கலந்தோ தெரியும். முதலில் இருந்த வண்ணத்தைப் பார்க்க வேண்டுமானால், வெளிச்சம் படாத உட்கதவின் ஓரத்தைத் தேட வேண்டும்.

சீனப் பாணிக் கிராதி வேலை பற்றி ஒன்று. தேநீர் மேசையின் விளிம்பில் நிற்கும் அந்த மெல்லிய கிராதியை ஒரே பலகையில் அறுத்தால் இழை குறுக்கே வரும் இடத்தில் ஒடிந்துவிடும். அதனால் மூன்று வெனீர்களை, நடுவிலுள்ளது குறுக்காக வருமாறு ஒட்டி, பிறகு அறுத்தார்கள். இன்றைய பிளைவுட்டின் தத்துவம் அது. கிராதியை மேலிருந்து பார்த்தால் மூன்று அடுக்கு தெரிய வேண்டும்.

நாற்காலிகளுக்கு வருவோம். டைரக்டர் நூலில் இருக்கைக்கு மேல் முதுகின் உயரம் 22 அங்குலத்தைத் தாண்டுவது அரிது என்கிறார் சிப்பன்டேல். ஹெப்பிள்வைட் நூல் முன் அகலம் 20 அங்குலம், ஆழம் 17, இருக்கைச் சட்ட உயரம் 17, மொத்த உயரம் சுமார் 37 அங்குலம் என்று கொடுக்கிறது. இவற்றைவிடக் குறிப்பிடத்தக்க அளவு சிறியதாக இருந்தால், மறுஉருவாக்கத்தில் மரத்தை மிச்சம் பிடித்திருக்கலாம், அல்லது கால்களை அறுத்திருக்கலாம்.

முதுகுப்பலகையின் அடியைப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டு வேலையில் அது பின்சட்டத்தில் நேரடியாக இறங்காது. சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் தனிக்கட்டை ஒன்றில் செருகியிருக்கும், பலகை சுருங்கி விரிய இடம் கிடைக்கட்டும் என்று அங்கே ஒட்டாமல் விட்டிருப்பார்கள். அந்தக் கட்டையும் பின்சட்டமும் ஒரே துண்டாக இருந்தால் பிற்கால வேலை என்று சந்தேகிக்கலாம். இருக்கையைத் தூக்கி உள்மூலைகளைப் பாருங்கள். பழைய வேலையில் சட்டங்களில் காடி வெட்டி, மூலைக்குக் குறுக்கே ஒரு மெல்லிய தாங்கிக்கட்டையை இறக்கியிருப்பார்கள். திருகாணி போட்டு இறுக்கிய பெரிய முக்கோணக் கட்டை பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு, அல்லது பழுதுபார்ப்பு. தொகுப்பாகச் செய்த நாற்காலிகளில் உளியால் ரோமன் எண் கொத்தியிருப்பார்கள், சட்டத்தில் ஒன்று, கழற்றும் இருக்கையில் ஒன்று. ஆறு நாற்காலிக்கு நடுவே எண் எட்டோ பத்தோ வந்தால் மகிழ்ச்சிதான், முதலில் பெரிய தொகுப்பாக இருந்திருக்கிறது. மெத்தைக்குள் சுருள்வில் இருந்தால் அது 19ஆம் நூற்றாண்டில் போட்டது. முந்தைய காலத்தில் நாடாப்பின்னல், லினன், சுருட்டிய குதிரைமுடி மட்டுமே.

வளைந்த கேப்ரியோல் காலை ஏறத்தாழ 3 அங்குலச் சதுரக் கட்டையிலிருந்து எடுத்தார்கள். அடுத்தடுத்த இரண்டு முகத்தில் அச்சு வைத்துக் கோடு போட்டு, ஒரு முகத்தை அறுத்து, விழுந்த துண்டுகளைத் திரும்பப் பொருத்திக்கொண்டு மறுமுகத்தை அறுத்தார்கள். முழங்காலின் இருபுறச் சிறகுகள் தனியாக ஒட்டியவை, அவைதான் முதலில் கழன்று தொலையும். ஹெப்பிள்வைட் கேடய முதுகில் பலவீனம் வேறிடம். கேடயம் இருக்கையைத் தொடுவதில்லை, இரண்டு பின்காலின் நீட்சி மட்டுமே அதைத் தாங்குகிறது. சாய்ந்து ஆடினால் அந்தக் கழுத்தில்தான் முறியும். ஆறு நாற்காலியிலும் அந்த இடத்தை நகத்தால் தடவி ஒட்டுக்கோடு இருக்கிறதா பாருங்கள்.

வட்ட மேசை வந்தால் அளவு நாடாவை எடுங்கள். ஒரே பலகையில் செய்த மேற்பரப்பு இழைக்குக் குறுக்கே சுருங்கியிருக்கும். 30 அங்குல விட்டத்தில் சில மில்லிமீட்டராவது வித்தியாசம் வர வேண்டும். எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே அளவென்றால் அந்தப் பலகைக்கு வயதில்லை, அல்லது சமீபத்தில் மறுபடி கடைந்திருக்கிறார்கள்.

பழைய சாமானிலேயே நடக்கும் ஏமாற்று மூன்று வகை. முதலாவது, இரட்டை அடுக்கு அலமாரியைப் பிரித்து இரண்டாக விற்பது. மேலடுக்கின் தலை கண்மட்டத்துக்கு மேலே இருந்ததால் அதை அலங்கரிக்காமல் விட்டிருப்பார்கள். தனியாகப் பிரித்ததும் அதற்கு வெனீர் ஒட்டி, புதுக்கால் வைக்கிறார்கள். குட்டையான அலமாரியில் முன்மூலைகள் சரிவாக வெட்டி வரிச்செதுக்கலோடு இருந்தால், அல்லது மேல்வரிசையில் மூன்று சிறு டிராயர்கள் இருந்தால் இதை நினையுங்கள். இரண்டாவது, வேறு வேறு சாமானின் மேலும் கீழும் சேர்த்து ஒன்றாக்குவது. இரண்டு பகுதியின் டவ்டெயிலும் ஒரே கையாக இருக்க வேண்டும், முதுகுப்பலகைகளும் ஒரே விதமாக இருக்க வேண்டும். மூன்றாவது, எளிய சாமானில் பின்னாளில் செதுக்குவது. அசல் தச்சர் செதுக்கலுக்காக மரத்தைத் தடிப்பாகவே விட்டுவைப்பார், அதனால் மலரும் இலையும் பரப்புக்கு மேலே எழுந்து நிற்கும். பின்னாளில் செதுக்கியவருக்கு அந்த மரம் கிடையாது. செதுக்கல் பரப்புக்குக் கீழே இறங்கிப் படுத்திருக்கும். காலின் முழங்காலை உள்ளங்கையால் மூடிப் பார்த்தால் கண்ணைவிடக் கை இதைச் சீக்கிரம் சொல்லும்.

பாலிஷ் பற்றி நிறையக் கேட்கிறார்கள். கண்ணாடி போல மின்னும் அரக்குப் பூச்சு, அதாவது பிரெஞ்சு பாலிஷ், 1815க்குப் பிறகே இங்கிலாந்தில் பரவியது. அதற்கு முன் ஆளிவிதை எண்ணெய், மெழுகு, சாராய வார்னிஷ். சாதாரண வேலைக்கு எண்ணெயும் செங்கல்தூளும் கொண்டு தேய்ப்பதே வழக்கம் என்று 1803இல் ஷெரட்டன் எழுதுகிறார். மகோகனியைச் சிவக்க வைக்க அல்கனெட் வேரை எண்ணெயில் ஊறவைத்தார்கள். அதனால் பளபளக்கும் ஜார்ஜ் காலத்து அலமாரியைப் பார்த்தால், விக்டோரியா காலத்திலோ பிறகோ யாரோ மறுபடி பாலிஷ் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அது பொய்ச்சாமான் அல்ல. ஆனால் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துப் புதிதாக்கியிருந்தால், இருநூறு ஆண்டு வெளிச்சமும் கைபட்ட பதமும் போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. மாற்றிய கைப்பிடி, புதிய தண்டவாளம், ஒட்டிய பிளவு இருக்கும் சாமானைத் தாராளமாக வாங்குவேன். சுரண்டிய சாமானுக்கும் புது வெனீர் போர்த்திய சாமானுக்கும் அந்த விலை கொடுக்க மாட்டேன்.

சாவித்துளையைச் சுற்றிய தகடு தந்தமா என்றும் பாருங்கள். பிரிட்டனில் 2022 முதல் தந்தம் உள்ள பொருளை விற்க வேண்டுமானால், 1947 மார்ச் 3க்கு முன் செய்ததாகவும் தந்தம் பத்து சதவீதத்துக்குக் குறைவாகவும் இருந்தாலும், பதிவு செய்ய வேண்டும். பதிவு எண்ணை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ரேடியேட்டர் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே போகும், அப்போது பக்கப்பலகைகள் பிளக்கும், வெனீர் ஓரம் எழும்பும். 50 சதவீதத்தை ஒட்டி வைத்தால் போதும். எழும்பிய வெனீர்த்துண்டு உதிர்ந்தால் எறியாமல் ஓர் உறையில் போட்டு டிராயருக்குள் வையுங்கள். பழுதுபார்ப்பவருக்கு அதைவிடப் பொருத்தமான மரம் வேறெங்கும் கிடைக்காது.